தெளிந்த தண்ணீரில் சாகும் மீன்கள்

தோட்டத்தில் சின்னக் குளமோ, மொட்டை மாடியில் அல்லி வைத்த சிமெண்ட் தொட்டியோ வைத்து மீன் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: "நேத்துதான் தண்ணிய முழுசா மாத்தினோம், காலையில பாத்தா எல்லாம் மிதக்குது." பாசியும் வண்டலுமாக மாதக்கணக்கில் கிடந்த தண்ணீரில் தின்று திரிந்த மீன்கள், தொட்டியை வடித்து, சுவரைத் தேய்த்து, தரை தெரியும்படி புதுத் தண்ணீர் விட்டதும் செத்துப்போகின்றன. உடனே சந்தேகம் மீன் விற்ற கடை மீது விழும், நோய் மீது விழும், சில வீடுகளில் கண்ணூறு மீதும் விழும். தண்ணீர் மீது மட்டும் விழாது. கண்ணுக்கு அது அவ்வளவு சுத்தமாக இருக்கிறதே! ஆனால் மீன் குடியிருப்பது கண்ணுக்குத் தெரியும் தெளிவில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத வேதியியலில். தண்ணீர் மாற்றுவது என்றால் பழையதைக் கொட்டிப் புதியதை நிரப்புவது என்று நினைக்கும்வரை இந்தச் சாவு தொடரும். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது என்று புரிந்துகொண்டால் பெரும்பாலும் நின்றுவிடும். இதற்கான சாட்சியத்தை இறந்த மீன்களே தருகின்றன. தண்ணீர் மாற்றி எவ்வளவு நேரம் கழித்துச் செத்தன என்று பார்த்தாலே எதனால் செத்தன என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும்.

நிரப்பிய சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் மீன்கள் தறிகெட்டு ஓடி, மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறினால் முதல் குற்றவாளி குளோரின். குடிநீரில் கிருமி வளரக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே மிச்சம் வைக்கப்படும் பொருள் அது. இந்தியக் குடிநீர்த் தரநிலை, குழாய்க்கு வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. அதே பொருளுக்கு நன்னீர் உயிர்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த வரம்பு, ஒரு மணி நேரச் சராசரியாக லிட்டருக்கு 0.019 மில்லிகிராம். அதாவது நமக்குப் பாதுகாப்பு தரும் குறைந்தபட்ச அளவே மீனுக்கான வரம்பைப்போல் பத்து மடங்கு. நாம் குளோரின் கலந்த தண்ணீரைக் குடித்தால் அது வயிற்றுக்குப் போய் அங்குள்ளவற்றோடு சேர்ந்து செயலிழக்கிறது. மீனுக்கோ தண்ணீர் நேரே செவுளில் படுகிறது. ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மிக மெல்லிய தோல் மட்டுமே இருக்கும் இடம் அது. அந்தத் தோலைக் குளோரின் அரித்துவிட்டால் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் மீனால் எடுத்துக்கொள்ள முடியாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விடும் வீடுகளில் இந்த ஆபத்து இல்லை. நகராட்சிக் குழாயும், பிளீச்சிங் பவுடர் போட்ட சம்ப்பும், லாரித் தண்ணீரும் உள்ள வீடுகளில் உண்டு.

அன்று மாலை நன்றாக இருந்து, இரவிலோ மறுநாளிலோ சாகும் மீன்களுக்குக் காரணம் வேறு: இரண்டு தண்ணீர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே வைத்துக்கொள்ளும் பிராணி இல்லை. சுற்றியுள்ள நீரின் வெப்பம்தான் அதன் வெப்பம். கோடை மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையை வைக்க முடியாமல் கொதிக்கும். அதே நேரத்தில் நிழலில் இருக்கும் குளத்துத் தண்ணீர் பல டிகிரி குளிர்ந்திருக்கும். மெதுவாக மாறினால் தாங்கிக்கொள்ளும் அந்த வித்தியாசத்தை மீன் திடீரென்று தாங்காது. உப்பும் அப்படித்தான். நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பு வெளியில் இருப்பதைவிட அதிகம் என்பதால் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது. மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே, செவுள் வழியாக உப்பைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. கடினநீரில் வாழ்ந்து பழகிய மீனை உப்பு மிகக் குறைந்த ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரே நொடியில் மாற்றினால் இந்த வேலை முழுதும் தடுமாறும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குக் குளோரின் இல்லாத நற்பெயர் உண்டென்றாலும் அதற்கும் ஒரு குறை இருக்கிறது. காற்றுப் படாத ஆழத்திலிருந்து வருவதால் அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருப்பது வழக்கம். அதை அப்படியே தொட்டி நிறைய விட்டால் மீன் மூச்சுமுட்டும். புதிதாகப் பூசிய சிமெண்ட் இன்னொரு கண்ணி. அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை மீன் தாங்காத உயரத்துக்கு ஏற்றிவிடும். புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பல முறை நிரப்பி வடித்த பிறகே மீன் விடும் வழக்கம் வந்ததற்கு இதுதான் காரணம். விரிசலைப் பூசி அடைத்த பழைய தொட்டிக்கும் இந்தப் பொறுமை வேண்டும்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் கடந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்போம். மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படும் சாவு அதற்குப் பிறகுதான் வருகிறது. நான்காம் நாள் ஒன்று, ஆறாம் நாள் இரண்டு, அடுத்த வாரம் நான்கு என்று மீன்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி, தீனி எடுக்காமல் சாகும். தண்ணீர் மாற்றியதை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். மீன் தின்னும் தீனியிலுள்ள புரதத்தின் கழிவு அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. அடைபட்ட குளத்தில் இந்த நஞ்சைத் தின்று தீர்ப்பவை சில நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இப்படி இரண்டு கூட்டங்கள் வேலையைப் பகிர்ந்துகொள்வதை 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி காட்டினார். இரண்டாவது வேலையை மீன் தொட்டிகளில் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. திமோதி ஹோவனெக்கும் அவர் கூட்டாளிகளும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று காட்டியது. இரண்டு வேலையையும் தானே முடித்துவிடும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டு என்று 2015-இல் தெரியவந்தபோது, அவை கிடைத்த இடங்களில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டர். தோட்டத்துக் குளம் வைத்திருப்பவர் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இந்த உயிர்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கூழாங்கல்லில், சுவரின் வழுவழுப்பில், செடியின் வேரில், ஃபில்டர் ஸ்பாஞ்சின் துளைகளில் ஒட்டி வாழ்கின்றன.

நாம் 'அழுக்கு' என்று தேய்த்துக் கழுவுவது இந்தத் துப்புரவுக் கூட்டத்தைத்தான். கல்லையெல்லாம் எடுத்துக் குழாயடியில் வைத்து, பிரஷ் போட்டு, பிளீச்சிங் பவுடரும் தூவிக் கழுவி வெயிலில் காயவைத்தால் அது முழுதாக அழிந்துவிடும். சாதாரண பாக்டீரியா பல, வசதியான சூழலில் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கோ ஒரு நாள் அளவுக்குக்கூட ஆகும். ஒன்றுமில்லாத தொட்டியில் இந்தக் கூட்டம் முழு பலம் பெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு. அதுவரை மீன்கள் மட்டும் வழக்கம்போல் தின்று கழித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும். நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்துக்குள் போய் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களின் திறனைக் கெடுக்கிறது. ரத்தமே பழுப்பாகிவிடும். அதனால்தான் ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் மூச்சுத்திணறிச் சாகும் விந்தை நடக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வழியில் போட்டியிட்டு அதைத் தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் வரை கல் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக விடுவது இந்தக் காலத்துக்கு நல்ல முதலுதவி. கிருமிநாசினியான குளோரினும் மீனைக் காக்கும் குளோரைடும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த மூன்று சாவுகளையும் சேர்த்துப் பார்த்தால் பொதுவான ஒரு காரணம் தெரிகிறது: எல்லாமே முழு மாற்றத்தின் விளைவு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 லிட்டர் குளத்தில் தண்ணீர் 30 டிகிரி, புதுத் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முழுதும் மாற்றினால் மீனுக்கு ஒரே வீச்சில் 5 டிகிரி வீழ்ச்சி. 200 லிட்டர் மட்டும் மாற்றினால் குளம் 29 டிகிரிக்கு இறங்கும், அவ்வளவுதான். உப்பும் கடினத்தன்மையும் இதே விகிதத்தில்தான் மாறும். கல்லும் சுவரும் காயாமல் இருப்பதால் நுண்ணுயிர்க் கூட்டம் அப்படியே இருக்கும். இப்படி ஐந்து முறை செய்தால் பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். போக வேண்டிய கழிவு போய்விடும், மீனுக்கு அதிர்ச்சி மட்டும் இருக்காது. ஆனால் குளோரினுக்கு இந்தக் கணக்கு உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் உள்ள தண்ணீரை ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலும் குளத்தில் 0.1 மில்லிகிராம் வரும். குளத்து அழுக்கு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்றாலும் மேலே சொன்ன 0.019-ஐ விட அது மிக அதிகம். ஆகவே கொஞ்சமாக மாற்றினாலும் குளோரினை நீக்கித்தான் விட வேண்டும். அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டால் ஒன்றிரண்டு நாளில் குளோரின் வெளியேறிவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் இதே வைத்தியம்தான்: காற்றோடு புரண்டால் ஆக்சிஜன் ஏறும், கரியமில வாயு போய்விடும். அவசரத்துக்கு மீன் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் இருக்கிறது. பழைய புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று சொன்னது இதைத்தான். குளோரினின் எடையைப்போல் ஏழு மடங்கு போதும் என்ற கணக்கில் பார்த்தால், 0.5 மில்லிகிராம் அளவுள்ள 200 லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தேவைப்படும்.

இதற்கு முதல் மறுப்பு அனுபவத்திலிருந்து வரும்: "எங்க வீட்ல பத்து வருஷமா முழுசாத்தான் மாத்துறோம், ஒண்ணும் ஆகலையே." அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர் விடும் வீட்டில் குளோரின் இல்லை. பெரிய தொட்டியில் நான்கைந்து கப்பி மீன் மட்டும் இருந்தால் அம்மோனியா ஏற நாளாகும். சுவரைத் தேய்க்காமல் தண்ணீரை மட்டும் வடித்திருந்தால் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி தப்பித்திருக்கும். அல்லியும் தாமரையும் அடர்ந்து இருந்தால் அவையே அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். கப்பியும் ஜிலேபிக் கெண்டையும் பல கொடுமைகளைத் தாங்கும் இனங்கள். இத்தனை காப்புகளில் ஒன்றிரண்டு இருந்ததால்தான் அந்த வீட்டு மீன்கள் பிழைத்தன, முழு மாற்றத்தால் பிழைக்கவில்லை. அதே வீட்டார் தண்ணீரை நகராட்சிக் குழாய் இணைப்புக்கு மாற்றினாலோ, தொட்டியில் தங்கமீனும் கோய் மீனும் கூடுதலாக விட்டாலோ அந்தப் பத்து வருட வழக்கம் ஒரே நாளில் பொய்த்துப்போகும்.

இரண்டாவது மறுப்பு இயற்கையைக் காட்டிப் பேசும். ஆற்றில் நொடிக்கு நொடி புதுத் தண்ணீர்தானே ஓடுகிறது, மழையும் குளத்தில் புதுத் தண்ணீரைத்தானே கொட்டுகிறது என்பார்கள். ஆற்றில் ஓடுவது எங்கிருந்தோ திடீரென வந்த அன்னிய நீர் இல்லை. மேலே கல்லையும் மணலையும் தழுவி, காற்றோடு புரண்டு, ஒரு மணி நேரம் முன்பு இருந்த அதே வெப்பமும் உப்பும் கொண்ட நீர். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் கதைதான், மிகப் பெரிய அளவில். மழையில் குளோரின் கிடையாது, அது பெய்வதும் மெதுவாக. இருந்தாலும் நீண்ட வெக்கைக்குப் பிறகு கொட்டித் தீர்க்கும் பெருமழை பண்ணைக் குளங்களில் அடித்தண்ணீரையும் மேல்தண்ணீரையும் புரட்டிவிட்டு, அடியில் கிடந்த ஆக்சிஜன் இல்லாத நீரை மேலே கொண்டுவந்து மீன்களைக் கொல்வதும் உண்டு. இயற்கை என்பதால் திடீர் மாற்றம் தீங்கில்லாததாகிவிடாது.

அப்படியானால் மாற்றவே வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. இந்த முடிவுக்குப் போவதும் அதே அளவு ஆபத்து. ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிச் சேரும். அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்கள் வேலைக்கு நீரின் காரத்தன்மையையும் செலவழிக்கின்றன. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏழு மில்லிகிராமுக்கு மேல் கரையும். மாதக்கணக்கில் விட்டால் நீரின் பி.எச். சரிந்து, ஒரு கட்டத்தில் நுண்ணுயிர்களே வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும். விந்தை என்னவென்றால், அந்தப் புளித்த தண்ணீரில் அது மீனைக் கொல்லாது. பி.எச். 7-இல், 25 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நஞ்சான வடிவில் இருக்கும். பி.எச். 8-இல் அது சுமார் 5 சதவீதம், 9-இல் சுமார் 36 சதவீதம். இப்போது யாரோ பொறுப்பு வந்து பாதித் தண்ணீரை வடித்து, காரமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்புகிறார்கள். மிச்சம் இருக்கும் அம்மோனியாவில் நஞ்சான பங்கு பல மடங்கு பெருகுகிறது. கிளறிவிட்ட வண்டலிலிருந்து இன்னும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. நல்ல எண்ணத்தில் செய்த வேலை அன்றைக்கே கொல்கிறது. நெடுநாள் அலட்சியமும் அதைத் தொடரும் திடீர் அக்கறையும் சேர்வதுதான் மீனுக்கு நேரும் மிக மோசமான கூட்டணி. அப்படிப்பட்ட குளத்தில் தொடக்கத்தில் நாளுக்கு நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் மாற்றாமல் இரண்டு மூன்று வாரம் நகர்த்துவதே நல்லது. மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் பி.எச்.-ஐயும் அம்மோனியாவையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

நம் ஊருக்கே உரிய மறுப்பு ஒன்று இருக்கிறது: டெங்கு. வீட்டில் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவச் சொல்கிறார்களே, குளத்தை மட்டும் எப்படி விடுவது? அந்த அறிவுரை சரியானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும் என்பதால் அந்த வாரக் கெடு. ஆனால் அது பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடியில்லாத டிரம் போன்று மீன் இல்லாத பாத்திரங்களுக்கானது. கப்பி உள்ள தொட்டியில் கொசுப்புழு தப்புவது கடினம். கொசுவை ஒழிக்கக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் கப்பி விடுவது பொதுச் சுகாதாரத் துறையினரே கையாளும் ஒரு வழி. வாரம்தோறும் முழுதாகக் கழுவி மீனைக் கொன்றுவிட்டு, அந்தக் குளத்தில் மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்தால் அதுதான் கொசுப் பண்ணையாகும்.

நடைமுறை, இந்த வாதத்திலிருந்து தானாகவே வருகிறது. வாரத்துக்கு நூற்றில் பத்து முதல் இருபது பங்கு வடிக்கலாம், அதையும் அடியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சினால் வண்டலும் சேர்ந்து போகும். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்த காலைப் பொழுது நல்லது. இரவெல்லாம் குறைந்த ஆக்சிஜன் அப்போது ஏறத் தொடங்கியிருக்கும், மாடித் தொட்டியும் இன்னும் கொதித்திருக்காது, அன்று முழுதும் மீனைக் கவனிக்கவும் முடியும். குளோரின் நீக்கிய தண்ணீரை மெல்லிய தாரையாக உயரத்திலிருந்து விட்டால் காற்றும் கலக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சை அதே நாளில் கழுவக்கூடாது. அடைத்துக்கொண்டால் வேறொரு வாரம், வடித்த குளத்துத் தண்ணீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும். மாற்றும் நாளுக்கு முந்திய நாள் தீனியை நிறுத்தி, பிறகும் இரண்டு நாள் பாதியாகக் குறைத்தால் அம்மோனியா வரும் வழியே சுருங்கும். தொட்டி விரிசல் விட்டதாலோ பூச்சிமருந்து விழுந்துவிட்டதாலோ முழுதாக வடித்தே ஆக வேண்டிய நிலை வரலாம். விரிசல் என்றால் மீனைப் பழைய தண்ணீரிலேயே அகன்ற தொட்டிக்கு மாற்றி, ஏர் பம்ப் போட்டு, நிழலில் மூடி வைக்க வேண்டும். கல்லையும் ஸ்பாஞ்சையும் ஈரம் காயாமல் அதே தண்ணீரில் போட்டு வைத்துத் திரும்ப வைக்க வேண்டும். நஞ்சு விழுந்தது என்றால் பழைய தண்ணீரையும் ஸ்பாஞ்சையும் நம்ப முடியாது. குளோரின் நீக்கிய, வெப்பம் ஒத்த தண்ணீருக்கு மீனை உடனே மாற்றிவிட்டு, அடுத்த ஒரு மாதம் தீனியை மிகக் குறைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி நகர்த்த வேண்டும்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர்களில் வாராவாரம் மாற்றச் சொல்வது ஊதாரித்தனம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. 1,000 லிட்டர் தொட்டியை மாதம் ஒருமுறை முழுதாக மாற்றினால் 1,000 லிட்டர் செலவு. வாரம் 100 லிட்டர் மாற்றினால் மாதத்துக்கு 400 லிட்டர்தான். வடித்த தண்ணீரிலுள்ள நைட்ரேட் செடிக்கு நேரடி உரம் என்பதால் அந்த 400 லிட்டரும் தோட்டத்துக்குத்தான் போகிறது. பத்துப் பங்கு போதுமா, இருபது வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் நிறம் இல்லை, தொட்டியில் எத்தனை மீன், நாளுக்கு எவ்வளவு தீனி என்பதுதான். மீனைக் குறைவாக விட்டு, ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் தீனி போடும் வீட்டில் மாற்ற வேண்டிய தண்ணீரும் தானாகவே குறைந்துவிடும்.